கவுலூனுக்கு ஒரு வாரிசு

ஹாங்காங்கின் தெருக்களில் ஒரே மனிதர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரே வழக்கை எழுதிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் அல்ல. விளக்குக் கம்பங்களிலும் மேம்பாலத் தூண்களிலும் மின்பெட்டிகளிலும் அஞ்சல் பெட்டிகளிலும். கையில் சீனத் தூரிகை, கறுப்பு மை. எழுதிய செய்தியும் அநேகமாக ஒன்றுதான். முதலில் தன் பெயர், அதோடு தானே சூட்டிக்கொண்ட அரச பட்டம். பிறகு ஏறத்தாழ இருபது முன்னோர், உறவினர் பெயர்கள். தங்கள் குடும்பத்துக்குச் சொந்தம் என்று அவர் சொன்ன ஊர்கள். நடுவில் சில சீனப் பேரரசர்கள். சமயம் வாய்த்தால் இங்கிலாந்து ராணிக்கு ஒரு வசவு.

அவர் பெயர் சாங் சௌ சோய். ஊரார் வைத்த பெயர் ‘கவுலூன் ராஜா’. கேலியாகத் தொடங்கிய பட்டம் அது. அவர் இறந்தபோது பத்திரிகைகள் அதே பட்டத்தை முதல் பக்கத்தில் போட்டன.

1921இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பதினாறு வயதில் பிழைப்புத் தேடி ஹாங்காங் வந்தார். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். மூட்டை தூக்குவது, கூலி வேலை, பிறகு குப்பைக் கிடங்கு என்று உடம்பு உழைப்பிலேயே காலம் போயிற்று. வேலை செய்த இடத்தில் காலில் அடிபட்டு, கடைசிவரை ஊன்றுகோல்களோடுதான் நடந்தார். 1950களின் நடுப்பகுதியில், முப்பத்தைந்து வயதை ஒட்டி, அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. கவுலூன் தீபகற்பத்தின் பெரும்பகுதி தன் முன்னோருக்குச் சீனப் பேரரசர் கொடுத்தது என்றும், பிரிட்டிஷார் ஒரு காசு இழப்பீடு தராமல் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றும் சொல்லத் தொடங்கினார். குடும்பத்துப் பழைய ஏடுகளில் அதைப் படித்ததாகச் சொன்னார். அந்த உரிமையை நிறுவ இன்றுவரை எந்த ஆவணமும் வெளிவரவில்லை. நம்மூரில் தாத்தா காலத்து மூலப்பத்திரம் இருக்கிறது என்று தாலுகா ஆபீஸ் படியேறிக்கொண்டே இருக்கும் பெரியவர் யாரையாவது தெரிந்தவர்களுக்கு, சாங்கைப் புரிந்துகொள்வது எளிது.

பைத்தியம் என்று ஒதுக்கியவர்களே அதிகம். மனநோய் இருந்திருக்கலாம் என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் கைவைத்த இடம் எது என்று பார்த்தால், அந்த ஊரின் மிகப் பழைய புண் அது என்று தெரியும். 1842இல் நான்கிங் உடன்படிக்கை வழியாக ஹாங்காங் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1860இல் பீக்கிங் உடன்படிக்கை, எல்லைத் தெரு என்று பின்னால் பெயர் பெற்ற கோடுவரை கவுலூன் முனையை அவர்களுக்குக் கொடுத்தது. அதற்கு வடக்கே இருந்த நிலம் 1898இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. அங்கே வசித்த யாரையும் எவரும் கேட்கவில்லை.

வடக்கே நடந்தது இன்னும் சுவாரசியமானது. டாங் குலத்தைப் போன்ற பெருங்குலங்கள் பேரரசின் ஏடுகளைக் காட்டி, பல கிராமங்களின் நிலத்துக்குத் தாங்களே மேலுரிமைக்காரர்கள் என்று வாரம் வாங்கிவந்தன. புதிய ஆட்சி நிலத்தை அளந்தது, நில நீதிமன்றம் வைத்தது. உழுகிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியது. மேலுரிமை கேட்டு வந்த குலங்களின் மனுக்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாயின. 1905 வாக்கில் நிலம் அத்தனையும் அரசரின், அதாவது மகுடத்தின் சொத்தாகவும், மக்கள் அதன் குத்தகைக்காரர்களாகவும் ஆகியிருந்தார்கள். இன்றும் ஹாங்காங்கில் வீடு வாங்குகிறவர் வாங்குவது நிலத்தை அல்ல, அரசுக் குத்தகையில் ஒரு பங்கை. முழுச் சொந்தமாக இருப்பது தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் பேராலயத்தின் மனை ஒன்றுதான். உலகத்தில் மிக விலை உயர்ந்த மனைகள் உள்ள ஊரில், அந்த ஒன்றைத் தவிர, சொந்த மனை என்று கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு குப்பைக் கிடங்குத் தொழிலாளி ‘இது என் பாட்டன் சொத்து’ என்று எழுதினார். சாங்கின் சான்று பொய்யாக இருக்கலாம். அவர் கேட்ட கேள்வியைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

இனி எழுத்துக்கு வருவோம். சீன மரபில் எழுத்துக்கலை என்பது சில்லறை விஷயம் அல்ல. பழைய மேதைகளின் ஏடுகளைப் பார்த்து ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழக வேண்டும். தூரிகையின் நுனி எங்கே இறங்குகிறது, எங்கே அழுந்துகிறது, எங்கே எழும்புகிறது என்பதற்கெல்லாம் இலக்கணம் உண்டு. எழுத்தைச் சுற்றி விடும் வெற்றிடத்துக்குக்கூடக் கணக்கு உண்டு. சாங் இதில் எதையும் கற்றவர் இல்லை. அவர் எழுத்துகள் சதுரமானவை, கனமானவை, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பவை. மேலிருந்து கீழாக வரி போகும். ஓர் எழுத்து கையகலம் இருந்தால் அடுத்தது விரலகலம் இருக்கும். பட்டத்தையும் பெயரையும் பெரிதாகப் போட்டு, இண்டு இடுக்குகளில் உறவினர்களைச் செருகுவார். வெற்றிடம் என்ற பேச்சே கிடையாது. தூண் என்றால் நான்கு பக்கமும் நிரம்பும். வம்சத்தை முழுதாகப் படிக்க வேண்டுமானால் தூணைச் சுற்றிவர வேண்டும். எழுத்துப் பிழைகளும் உண்டு. பள்ளிப் பையனின் கிறுக்கல் என்று பண்டிதர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தூரத்திலிருந்தே இது அவர் கை என்று தெரிந்துவிடும். அந்த அடையாளம் எத்தனை பண்டிதர்களின் எழுத்துக்கு உண்டு?

இடத்தேர்விலும் ஒரு கணக்கு இருந்தது. பெரும்பாலும் அரசுச் சொத்து அல்லது பொதுச் சொத்தாகவே பார்த்து எழுதினார். ராணியின் முத்திரை பொறித்த சிவப்பு அஞ்சல் பெட்டியில் ராணிக்கு எதிரான வாசகத்தை எழுதுவதில் அவருக்குத் தனிச் சுகம் இருந்திருக்க வேண்டும். போலீசார் பலமுறை எச்சரித்தார்கள். துப்புரவு ஊழியர்கள் வந்து மேலே சாயம் அடித்தார்கள். அடித்த சாயம் காய்ந்ததும் அது அவருக்குப் புதுப் பலகை ஆயிற்று. அழிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரு துறையும் எழுதுவதற்கு யாரிடமும் ஒரு காசு வாங்காத ஒரு கிழவரும் பல பத்தாண்டுகள் இப்படி மாறிமாறி வேலை பார்த்தார்கள். குடும்பத்தார் ஒதுங்கிக்கொண்டார்கள். குன் டோங் வட்டாரத்தில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருந்தார்.

1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவிடம் திரும்ப வேண்டிய நாள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, கலை விமர்சகர் லாவ் கின் வை சாங்கின் எழுத்துகளைக் கண்காட்சியாக வைத்தார். ஊர் இரண்டுபட்டது. குப்பையைக் கொண்டுவந்து கூடத்தில் வைக்கிறார்கள் என்று மரபுவாதிகள் கொதித்தார்கள். நகரத்தின் உண்மையான கையெழுத்து இதுதான் என்றார்கள் மற்றவர்கள். சாயத்துக்கும் அபராதத்துக்கும் உரியதாக இருந்த ஒன்று சட்டென்று விவாதத்துக்கு உரியதாக மாறியது. அதே ஆண்டு ஆடை வடிவமைப்பாளர் வில்லியம் டாங் அந்த எழுத்துகளைத் துணிகளில் அச்சிட்டு மேடையேற்றினார். இங்கே ஒரு வேடிக்கை. வில்லியம் டாங், நில நீதிமன்றத்தில் மேலுரிமையை இழந்த அதே டாங் குலத்தவர். கிடைக்காத நிலத்தின் வாரிசு எழுதியதை, கைவிட்டுப்போன நிலத்தின் வாரிசு உடுப்பாகத் தைத்தார்.

பிறகு எல்லாரும் வந்தார்கள். துப்புரவுத் திரவம் ஒன்றின் தொலைக்காட்சி விளம்பரத்தில் சாங்கை நடிக்க வைத்தார்கள். தன் எழுத்தைத் துடைத்துத் தள்ளியவர்களோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவருக்கு வந்த வணிக வாய்ப்பு, கறை நீக்கும் சரக்கை விற்பது! 2003இல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில், ஹோ ஹன்ரு தொகுத்த பகுதியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. 2004 அக்டோபரில் சோத்பீஸ் ஏலத்தில் அவர் எழுதிய பலகை ஒன்று 55,000 ஹாங்காங் டாலருக்குப் போனது. அது தெருவிலிருந்து பெயர்த்து வந்ததல்ல, கண்காட்சிக்கென்று எழுதித் தந்தது.

அந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சேகரிப்பாளர்கள் தாளும் பலகையும் இன்னும் பல பொருட்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவரும் எழுதினார். வரிகள் அதே வரிகள்தான். ஆனால் அரசு விளக்குக் கம்பத்தில் ‘இது என்னுடையது’ என்று எழுதினால் அது ஒரு வழக்கு. வாங்க வந்தவர் நீட்டிய பலகையில் எழுதினால் அலங்காரம். அலங்காரத்துக்கு விலை கிடைத்தது, வழக்கை யாரும் படிக்கவில்லை. சாங் தன்னைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டவரும் இல்லை. கேட்டவர்களிடம் எல்லாம் தான் ராஜா என்றே சொன்னார். அவர் சம்மதம் என்பது எந்த அளவுக்குச் சம்மதம், காசு யாருக்குப் போனது, முதுமையும் நோயும் சூழ்ந்த ஒருவரிடம் இப்படி எழுதி வாங்கலாமா என்ற கேள்விகளும் அப்போதே எழுந்தன. அவற்றை எழுப்பியவர்கள் நியாயமானவர்கள்.

2004இல் அவர் குடியிருப்பில் தீப்பிடித்தது. அதன்பின் முதியோர் இல்லம். தெரு எழுத்து அத்தோடு நின்றது. 2007 ஜூலை 15 அன்று மாரடைப்பால் இறந்தார். செய்தி வெளியே வரப் பத்து நாளாயிற்று. பேரரசர் மறைந்தால் எழுதும் சொல்லாலேயே சில நாளிதழ்கள் தலைப்புப் போட்டன.

அவர் எழுத்துகள் மேல் கவனம் திரும்ப, இறந்த நேரமும் ஒரு காரணமாயிற்று. அதற்கு முந்திய டிசம்பரில்தான் சென்ட்ரல் பகுதியின் பழைய ஸ்டார் ஃபெரி படகுத்துறையையும் அதன் மணிக்கூண்டையும் அரசு இடித்திருந்தது. பக்கத்திலிருந்த குயீன்ஸ் பியர் படகுத்துறையைக் காப்பாற்ற இளைஞர்கள் அந்த ஜூலையில் அங்கேயே படுத்துக் கிடந்தார்கள். எதை அழிக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று நகரம் தன்னைத்தானே முதன்முறையாக உரக்கக் கேட்டுக்கொண்ட வேளை அது. மிச்சமிருந்த எழுத்துகளைக் காப்பாற்றுங்கள் என்ற கோரிக்கையும் அதோடு சேர்ந்துகொண்டது. தேடிப் பார்த்தால் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ட்சிம் ஷா சுயி படகுத்துறையின் தூண் ஒன்றுக்குக் கண்ணாடி போன்ற உறை போட்டார்கள். காயல்பட்டினத்திலிருந்து வணிகத்துக்குப் போன தலைமுறைகள் நன்கறிந்த வட்டாரம் அது. பிங் ஷெக் குடியிருப்பின் பேருந்து நிலையத் தூண் ஒன்றும் பிழைத்தது. ஐம்பது ஆண்டுகள் சாயம் பூசிய நிர்வாகம் இப்போது உறை போட்டது.

பழக்கம் மட்டும் அவ்வளவு எளிதில் போகவில்லை. 2017இல் சென்ட்ரல் பகுதியில் மின்பெட்டி ஒன்றிலிருந்த எழுத்தின் மேல், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பராமரிப்பு வேலை என்று சாயம் அடித்துவிட்டுப் போனார்கள். கண்டனம் எழுந்தது. அடித்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடுத்த வேலையைச் செய்தார்கள். அந்தப் பெட்டியின் மேலிருப்பது பாரம்பரியம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2019இல் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கிய போராட்டக்காரர்கள் சுவர்களையும் சுரங்கப்பாதைகளையும் ஒட்டுத்தாள்களாலும் வாசகங்களாலும் நிரப்பினார்கள். 2020இல் தேசப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவை மறைந்தன. சுரண்டிய இடங்களில் சாம்பல் நிறத் திட்டுகள் நின்றன. அந்தப் பின்னணியில்தான் 2022 வசந்தத்தில் மோங் கோக் அருகே ஒரு ரயில் பாலத்தின் அடியில் பழைய சாயம் உரிந்து சாங்கின் எழுத்து மறுபடி தலைகாட்டியது. ஆட்கள் கேமராவோடு திரண்டார்கள். பாலம் இருக்கும் தெரு எல்லைத் தெரு. 1860இல் ராணியின் நிலத்துக்கும் பேரரசரின் நிலத்துக்கும் நடுவே போட்ட அதே கோட்டின் மேல், இரண்டு பேருமே இல்லாத காலத்தில், மூன்றாவது உரிமைக்காரரின் மனு வெளியே வந்தது. பத்திரிகையாளர் லூயிசா லிம் சாங்கை மையமாக வைத்து ஹாங்காங்கின் கதையைச் சொல்லும் ‘இன்டெலிபிள் சிட்டி’ என்ற நூலும் அதே ஆண்டு வெளியானது.

2021 நவம்பரில் திறந்த எம்பிளஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், அவர் எழுதி நிரப்பிய ஒரு ஜோடிக் கதவுகள் இருக்கின்றன. அருங்காட்சியகம் இருப்பது மேற்குக் கவுலூனில்தான். ஆனால் கடலைத் தூர்த்து எடுத்த நிலம் அது. சாங்கின் முன்னோருக்கு எந்தப் பேரரசர் எதைக் கொடுத்திருந்தாலும், இந்த இடத்தைக் கொடுத்திருக்க வழியில்லை. அப்போது அங்கே தண்ணீர்.