மூக்கறுப்பும் முகவடுவும்

உடலிற் பட்ட காயத்தை ஆடை மறைக்கும். முகத்திற் பட்டதை மறைக்க ஒன்றுமில்லை. பண்டை நாளில் மூக்கறுத்தலைக் கொடுந்தண்டனையாக விதித்தோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அறுபட்ட மூக்கை மீள அமைக்கும் கலையும் பாரத நாட்டிலே மிகப் பழையது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுத்து, அவ்வளவாகக் கன்னத்துத் தோலைச் சீவிப் பொருத்தும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. பிற்காலத்தார் கன்னத்தை விட்டு நெற்றியை நாடினர்.

ஆங்கிலேயச் சேனையில் மாடு ஓட்டியாக இருந்த கவாஸ்ஜி என்னும் மராட்டியர் 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரிலே சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி வாழ்ந்த அவருக்குப் புனாவுக்கு அண்மையில் செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் புதுமூக்கு அமைத்தார். மெழுகினால் மூக்கின் வடிவைச் செய்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிட்டார். கோட்டின் வழியே தோலை உரித்து, புருவங்களுக்கு இடையே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காது விட்டார். அத்துண்டின் வழியே குருதி ஓடியமையாலேதான் திருப்பி ஒட்டிய தோல் உயிருடன் நிலைத்தது. ஒட்டுவதற்குப் பயன்பட்டது காசுக்கட்டி! ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் இணைப்புத் துண்டு அறுக்கப்பட்டது. அம்மனிதரின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. மூக்குப் பெற்றவரின் பெயரே நிலைத்தது.

1794இல் இச்செய்தி இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. ஜோசப் கார்ப்யூ என்னும் அறுவை மருத்துவர் பிணங்களிற் பலகால் பயின்று, 1814இல் ஆங்கிலப் படை அதிகாரி ஒருவருக்கு அதே முறையைச் செய்து வென்றார். மயக்க மருந்து தோன்றாத காலம் அது. இன்று மூக்கிற் படர்ந்த தோற்புற்றை அறுத்தெடுத்தபின், பெரும்பள்ளத்தை மூடுவதற்கு அந்நெற்றித் தோலே இன்னும் உதவுகிறது.

ஆயினும் அறுத்த இடத்தில் வடு நிற்கும். அதனை மழுங்கச் செய்ய லேசர் ஒளி வந்தது. 1960இல் தியடோர் மைமன் முதல் லேசரை இயக்கினார். 1964இல் குமார் பட்டேல் கரியமிலவாயு லேசரை அமைத்தார். அவர் பிறந்த ஊர் பாராமதி; பயின்றது புனாப் பொறியியற் கல்லூரி. பெயரற்ற அந்தக் கைவினைஞரின் ஊர்ப்பக்கத்தவரே இவரும் என்பது வியப்புக்குரியது. இவ்வொளியைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சிக் கொதித்து ஆவியாகும். அதனால் வடுவின் மேற்படை மெல்லியதாக அகலும். 2004இல் வெளியான முறையோ, தோல் முழுவதையும் சுடாது, நுண்ணிய புள்ளிகளாக மட்டும் சுட்டு, இடையிலுள்ள நல்ல தோலைக்கொண்டு புண்ணை விரைவில் ஆற்றுவது.

முல்லைத்தீவுக்குத் தெற்கே, நாயாற்றுக் கடற்கரையில் வெயிலிலே உழைப்போரின் தோலில் மெலனின் என்னும் கருநிறமி மிகுதி. அது வெயிலைத் தடுப்பதால் வெள்ளையரிடையே மலிந்த தோற்புற்று இங்கு அரிது. ஆனால் 2009இல் முடிந்த போர் வன்னி மக்கள் பலரின் உடலிலும் முகத்திலும் வடுக்களை விட்டுச் சென்றது. புற்றின் வடுவுக்கு உதவும் அதே ஒளி இவற்றுக்கும் உதவும். அங்கேதான் காக்கும் நிறமியே இடராகிறது: சூடு பட்டால் கருந்தோல் மேலும் கறுக்கும், சிலருக்கு வடு தடித்தும் வளரும். ஆதலால் மருத்துவர் முதலிற் சிறிதோர் இடத்திற் சோதித்து, குறைந்த வலுவுடன், பல அமர்வுகளாகச் செய்வர். ஒவ்வோர் அமர்வுக்குப் பின்னும் வாரக்கணக்கில் வெயிலைத் தவிர்க்கச் சொல்வர். கடற்றொழிலாளிக்கு அது தொழிலையே தவிர்ப்பதற்கு ஒப்பாகும்.