விரைபேச்சும் கேட்டற்பயிற்சியும்: லோயர் கேம்ப் எல்லையை முன்வைத்து

முன்னுரை

அண்டை மொழி காதில் விழும்போது, பேசுபவர் மிக விரைந்து பேசுகிறார் என்ற எண்ணமே கேட்பவருக்கு முதலில் எழுகிறது. தேனி மாவட்டத்தில், குமுளி மலைச்சாலையின் அடிவாரத்தில் அமைந்த லோயர் கேம்ப் இதனை ஆராய்வதற்கு உரிய களமாகும். கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் பலர் விடியலில் ஜீப்புகளில் இவ்வூர் வழியாகவே மலையேறுகின்றனர். மேலே மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் பெரிதும் வழங்குவது மலையாளம். அங்கே காது தவறவிடும் ஒரு சொல், மருந்தின் அளவாகவோ மனுவின் கடைசி நாளாகவோ இருக்கக்கூடும்.

எல்லை உருவாக்கம்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டன. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களோ கேரளத்திலேயே நின்றன. குமுளி பீர்மேடு வட்டத்தைச் சேர்ந்தது. இதனால் லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும் சாலை ஆட்சிமொழி மாறும் சாலையும் ஆயிற்று.

விரைவு எனும் தோற்றம்

ஏ. ஆர். ராஜராஜ வர்மாவின் 'கேரள பாணினீயம்', மலையாளம் தமிழிலிருந்து வேறுபட்ட நெறிகள் ஆறனைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, மெல்லினம் அடுத்துவரும் வல்லினத்தைத் தன்வயப்படுத்துவது: தேங்காய் 'தேங்ங' ஆகிறது, குரங்கு 'குரங்ஙு' ஆகிறது. மற்றொன்று, வினைமுற்றின் பால் இட விகுதி நீங்குவது: வந்தான், வந்தாள், வந்தார்கள் அனைத்துக்கும் 'வந்நு' என்ற ஒரே வடிவம் போதும். தமிழ்க்காது வல்லினத்தைக் கொண்டு சொல்லெல்லையை உணர முயல்கிறது; விகுதியைக் கொண்டு வந்தவர் யார் என அறிகிறது. இவ்விரு அடையாளங்களும் மறையும்போது, இயல்பான வேகமும் விரைவாகத் தோன்றும் எனக் கொள்ளலாம்.

கேட்டற்பயிற்சி

குறிலின் அளவை ஒரு மாத்திரை என்றும், குற்றியலுகரத்தின் அளவை அரை மாத்திரை என்றும் தொல்காப்பியம் வரையறுக்கிறது. ஒலி குறுகுவதைக் காது கணிக்க வேண்டும் என்ற உணர்வு தமிழ் இலக்கணத்தில் தொன்மையானது. நன்னூலின் பொதுப்பாயிரம் கேட்டலையே ஒரு பயிற்சியாக்குகிறது. இருமுறை கேட்டால் பிழை குறையும். மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்க இயலும். ஆசிரியரிடம் பெறுவது கால்பங்கு, உடன் பயில்வோரிடம் பெறுவது கால்பங்கு, பிறர்க்கு உரைப்பதால் பெறுவது அரைப்பங்கு என்பதும் அதன் கருத்தாகும்.

அண்மைக்கால ஆய்வுகளும் இதற்கு அரண் செய்கின்றன. கால அளவில் சுருக்கப்பட்ட பேச்சுக்குக் கேட்போர் ஏறத்தாழ 5 முதல் 15 வாக்கியங்களுக்குள் பழகத் தொடங்குவதை 1997இல் துப்போ, கிரீன் ஆகியோர் காட்டினர். ஒலியமைப்பில் நெருங்கிய ஸ்பானியத்துக்கும் கத்தலானுக்கும் இடையே அப்பழக்கம் கைமாறுவதை 1998இல் வெளிவந்த பல்லியே முதலியோரின் ஆய்வு கண்டது. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் இடையே அது கைமாறவில்லை. குற்றியலுகரம் போன்ற ஒலிகளைப் பொதுவில் உடைய தமிழுக்கும் மலையாளத்துக்கும் இம்முடிவு பொருந்தக்கூடும்.

முடிவுரை

விரைபேச்சு விளங்காமை காதின் மந்தமன்று; கேட்போர் எதிர்பார்க்கும் அடையாளம் இடம் மாறியதன் விளைவாகும். ஆகவே எல்லைப்புறத் தொழிலாளர்க்கான மலையாளப் பயிற்சி எழுத்திலிருந்தன்றி, இவ்வொலி மாற்றங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதிலிருந்தும், கேட்டதைச் சக தொழிலாளர்க்கு எடுத்துரைப்பதிலிருந்தும் தொடங்குவதே தக்கது.