வாலும் விதையும்: ஏனாத்தூர் வட்டாரச் செம்மறிக் குட்டிகளுக்கு வலிநீக்கம்

ஏனாத்தூர் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு உரிய செம்மறி, மெட்ராஸ் சிவப்பு. கம்பளி இல்லாத கறி ஆடு. வால் குட்டை, மெலிசு. ஆஸ்திரேலியாவில் குட்டியின் வாலை நறுக்கக் காரணம், கம்பளி அடர்ந்த வாலில் சாணம் ஒட்டி, ஈ மொய்த்துப் புழு வைப்பது. அந்தக் காரணம் இங்கே கிடையாது. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழக்கூடிய இடம், மெரினோவும் ராம்பூலேயும் கலந்து சாண்டினோ இனத்தை உருவாக்கிய நீலகிரியின் சாண்டிநல்லா. சமவெளி ஆட்டுக்கு வாலை விட்டுவைப்பதே முழுமையான வலிநீக்கம்.

ஆனால் அதே வலி இங்கே காயடிப்பில் இருக்கிறது. மேலை நாடுகளில் வாலுக்கும் விதைப்பைக்கும் ஒரே வகை ரப்பர் வளையத்தைத்தான் மாட்டுகிறார்கள். எடின்பரோவில் மொலோனி, கென்ட் என்ற ஆய்வாளர்கள் 1990களில் இரண்டையும் ஆராய்ந்தனர். குட்டிகள் படுத்துப் படுத்து எழுந்தன, காலை உதைத்தன, புரண்டன. இரத்தத்தில் அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் ஹார்மோன் ஏறியது. பச்சைக்குட்டிக்கு வலி உறைக்காது என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. பிறந்த மறுநாளே காயடிக்கப்பட்ட குட்டிகள், பத்தாம் நாளில் காயடிக்கப்பட்டவற்றைவிட, பின்னர் வால் நறுக்கும்போது அதிகம் துடித்தன என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதல் வலி உடலில் தங்கிவிடுகிறது.

ஒரே மருந்து போதாது. மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் சில நிமிடங்களில் மரக்கச் செய்யும். ஓரிரு மணி நேரத்தில் விட்டுவிடும். நசுங்கிய திசுவின் வீக்கமோ நாள்கணக்கில் நீடிக்கும். அதற்கு வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் மெலாக்சிகாம் வேண்டும். லிக்னோகெய்னில் அளவு முக்கியம்: 2 சதவீத மருந்தின் 1 மில்லியில் 20 மில்லிகிராம் உண்டு. கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்ற எச்சரிக்கையான வரம்பை வைத்தால், 5 கிலோ குட்டிக்கு மொத்தமே 1 மில்லிதான். பெரிய மாட்டுக்குப் போடும் பழக்கத்தில் ஊசியை அழுத்தினால் குட்டிக்கு வலிப்பு வரலாம். மெலாக்சிகாமைத் தேர்வதற்கு இன்னொரு நியாயம், அது பிணந்தின்னிக் கழுகைக் கொல்லாது என்பது. கழுகுகளை அழித்த டைக்ளோஃபெனாக் 2006இலும், கீட்டோபுரோஃபன் 2023இலும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடை செய்யப்பட்டன.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விதித்த முறையில் செய்யும் காயடிப்பைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது. வால் நறுக்கலுக்கு அந்த விலக்குப் பட்டியலில் இடமில்லை. காயடிப்புக்கு முன் மயக்க மருந்து என்பதை 2023இன் விதிகள் கட்டாயமாக்கின. விதி சரியானதே. ஆனால் ஒன்றிரண்டு கிடாக்குட்டிக்காக மந்தையை விட்டுவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு நடப்பார் என்று ஆடு மேய்ப்பவரிடம் எதிர்பார்ப்பது அநியாயம். மருத்துவர்தான் மந்தையிடம் போக வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி முகாம் ஏற்கெனவே ஊருக்குள் வருகிறது; அதே நாளில் மரப்பு ஊசி, மெலாக்சிகாம், விதைநாணை நசுக்கிக் காயடிக்கும் பர்டிசோ கருவி மூன்றும் வரலாம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வியை முகாமில் கேட்டாக வேண்டும்: இந்தக் குட்டி எப்போது விலைபோகும்? பெட்டையைச் சேரும் வயதுக்கு முன்பே, ஐந்தாறு மாதத்துக்குள் சந்தைக்குப் போகிற கிடாவைக் காயடிப்பதால் மேய்ப்பவருக்கு ஒரு லாபமும் இல்லை. காயடிக்காத கிடா வேகமாகவும் எடை போடும். நெடுநாள் வளர்த்து, பெட்டைகளோடு கலந்தே மேயப்போகிற கிடாவுக்கு மட்டும் ஊசியை எடுத்தால் போதும். மரப்பு ஊசி போட்ட பிறகு ஐந்து நிமிடமாவது பொறுத்துத்தான் கருவியை வைக்க வேண்டும்.