சிங்கப்பூரில் பிழைக்கப் போனவரின் வங்கிக் கணக்கு

சிங்கப்பூருக்கு வந்த முதல் வங்கி, கல்கத்தாவின் யூனியன் வங்கி. அது 1840-இல் அங்கே கிளை திறந்தது. அடுத்தடுத்து ஓரியண்டல் வங்கியும் மெர்க்கன்டைல் வங்கியும் வந்தன. 1859-இல் சார்ட்டர்ட் வங்கியும் 1877-இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கியும் வந்து சேர்ந்தன. மிளகும் காம்பியரும் வெள்ளீயமும் கப்பல் ஏறும்போது மாற்றுச்சீட்டுகளை வாங்குவதும், லண்டனுக்கும் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் பணம் மாற்றிக் கொடுப்பதும்தான் இவற்றின் தொழில். ஊரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள். மூட்டை தூக்கியும் படகு ஓட்டியும் சிறுகடை வைத்தும் சேர்த்த காசை அவர்களால் இந்த வங்கிகளில் போட முடியவில்லை.

வங்கி மேலாளர் ஐரோப்பியர். எதிரே நிற்பவரின் மொழி அவருக்குத் தெரியாது. வந்தவரிடம் அடையாளச் சீட்டு கிடையாது, நிலையான முகவரியும் கிடையாது. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், பலருக்கு எழுதவே தெரியாது. நாளைக்கே கப்பல் ஏறிவிடக்கூடிய ஒருவருக்கு யார் பொறுப்பேற்பது என்பதே வங்கியின் கவலை. அந்தப் பொறுப்பு கால ஓட்டத்தில் பலர் கைக்கு மாறியது. சிங்கப்பூரில் வெளிநாட்டவரின் வங்கிக் கணக்கு வளர்ந்த கதையும் அதுவே.

கம்பிரதோர்

ஐரோப்பிய வங்கிகள் முதலில் கண்ட வழி, நடுவே ஒருவரை வைத்துக்கொள்வது. கம்பிரதோர் என்று அழைக்கப்பட்ட அந்தச் சீனர் வங்கியின் ஊழியரும் ஆவார், வங்கிக்குப் பிணை கொடுத்தவரும் ஆவார். வங்கிக்கு வரும் சீன வணிகர் எந்த ஊர், எந்தக் குலம், கடையில் என்ன சரக்கு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அவர் சரி என்றால் வங்கியும் சரி என்னும். அவர் அழைத்து வந்தவர் பணத்தைக் கட்டாமல் போனால் நட்டம் அவர் தலையில் விழும். கள்ள நாணயத்தைப் பிரித்தெடுப்பதும் அவர் வேலைதான்.

இது ஓரளவு வசதியான வணிகருக்கான ஏற்பாடு. கூலி வேலை செய்தவருக்குக் கம்பிரதோரும் எட்டாத ஆள். சீனத் தொழிலாளர்கள் தங்கள் ஊர்க்காரர் நடத்திய கடைகளில் பணத்தையும் கடிதத்தையும் ஒன்றாகக் கொடுத்து அனுப்பினார்கள். தமிழ்த் தொழிலாளருக்கு மளிகைக்கடைக்காரரோ கங்காணியோ பணத்தை வைத்துக்கொடுத்தார். ஊருக்கு அனுப்ப உண்டியல்காரர் இருந்தார், பின்னாளில் மணியார்டரும் வந்தது.

மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள்

இதே நகரத்தில் தமிழர் நடத்திய இன்னொரு பணச்சந்தை மார்க்கெட் தெருவில் இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டார்கள். டேங்க் சாலையில் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் 1859-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

தொழில் நடந்த இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். உள்ளே நீண்ட கூடம். அதில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சிறு இடம்தான் உண்டு. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து, சாய்வான மூடி கொண்ட மேசைப்பெட்டியை முன்னால் வைத்துக் கணக்கு எழுதுவார்கள். பின்னால் இரும்புப்பெட்டியும் அலமாரியும் இருக்கும். பகலில் கடையாக இருந்த இடமே இரவில் படுக்கை. சமையல் பொது. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்த வரும் மேலாள் ஏறத்தாழ மூன்று ஆண்டு தவணைக்குச் சம்பளம் பேசி அனுப்பப்பட்டவர். அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். தவணை முடிந்ததும் மேலாள் ஐந்தொகை எடுத்து அடுத்து வருபவரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

ஆக, கடன் கொடுத்தவரும் அந்த மண்ணில் அயலார்தான். ஐரோப்பிய வங்கிகள் அவரை நம்பியதற்குக் காரணம் விலாசம். மூன்று நான்கு தலைப்பெழுத்துகளால் ஆன கடைப்பெயரே விலாசம். மேலாள் மாறிக்கொண்டே இருந்தாலும் விலாசம் மாறாது. அந்தத் தலைப்பெழுத்துகளுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சொத்தும் இனத்தார் முன்னால் அதற்கிருந்த மதிப்பும் நின்றன. கடனைக் கட்டாத கடைக்கு மற்றக் கடைகளிலும் கடன் பிறக்காது. கோயிலில் கூடிப் பேசும்போது வழக்குகளும் தீர்ந்துவிடும். பர்மாவின் ரங்கூனில் செட்டியார்கள் மாதந்தோறும் நடப்பு வட்டியை முடிவு செய்ததும் கோயில் கூட்டத்தில்தான். இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் சார்ட்டர்ட் போன்ற வங்கிகள் விலாசத்தின் பேரில் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தன. செட்டியார்கள் அதைக் கூடுதல் வட்டிக்குச் சில்லறையாகப் பிரித்துச் சீனக் கடைக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கொடுத்தார்கள். வங்கிக்குள் நுழைய முடியாதவரிடம் வங்கிப் பணம் இந்தச் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தது.

அஞ்சலகச் சேமிப்பு வங்கி

1877 ஜனவரி 1-இல் சிங்கப்பூர் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. பிரிட்டனில் 1861-இல் வந்த ஏற்பாட்டின் வழியில், அஞ்சல் துறையின் பகுதியாக, ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த தலைமை அஞ்சலகத்தில் அது இயங்கியது. சிறு தொகையோடு வருபவரையும் சேர்த்துக்கொள்வதே அதன் நோக்கம். கடன் கொடுப்பது அதன் வேலை இல்லை என்பதால் சேமிக்க வருபவருக்கு ஜாமீன் கேட்கத் தேவையும் இல்லை. போட்ட பணத்துக்கு அரசே பொறுப்பு. போட்டது, எடுத்தது எல்லாம் பாஸ்புக்கில் ஏறும். அதை வைத்திருப்பவர் இன்னார்தான் என்று தெரிந்தால் போதும்.

யாருக்கும் கதவு மூடியிருக்கவில்லை என்றாலும் எல்லாரும் உடனே உள்ளே போய்விடவில்லை. ஆங்கிலம் தெரிந்த எழுத்தர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் அது எளிதாக இருந்தது. நாள் முழுக்கத் துறைமுகத்தில் உழைத்தவருக்குத் தன் மொழி பேசும் கடைக்காரரே நெருக்கமானவர். ஆனாலும் குலம், ஊர், மொழி எதையும் கேட்காத கணக்கு இது. அந்த வகையில் கம்பிரதோரையும் விலாசத்தையும் தாண்டிய புது வழி அது.

தத்தம் இனத்தாரின் வங்கிகள்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புலம்பெயர்ந்தோர் தங்கள் பழைய நம்பிக்கை முறையையே வங்கியாக மாற்றினார்கள். சிங்கப்பூரின் முதல் சீன வங்கியான குவாங் யிக், கான்டனீஸ் மக்கள் தொடங்கியது. 1903-இல் பிறந்து 1913-இல் நொடித்துப்போனது. தியோச்சூ மக்களும் ஹொக்கியன் மக்களும் தனித்தனியே வங்கி வைத்தார்கள். மூன்று ஹொக்கியன் வங்கிகள் 1932-இல் ஒன்றாகி ஓசிபிசி ஆயின. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் அதே கிளைமொழி பேசினார். மேலாளரும் கம்பிரதோரும் ஒரே ஆளானதுபோல் ஆயிற்று.

தமிழர் பக்கமும் இதுவே நடந்தது. சென்னையில் 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி நிறுவனம் திவாலானது பலரது சேமிப்பை விழுங்கியது. அந்த அடியிலிருந்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியாலும் செட்டியார்களின் முதலாலும் 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது. அது 1941-இல் சிங்கப்பூரில் கிளை திறந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. விரைவிலேயே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. கடல் கடந்த தமிழருக்காகவே போட்ட திட்டம் என்பது ஊர்களின் தேர்விலேயே தெரிகிறது.

போரும் வாழைமர நோட்டும்

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ் வங்கிகள் மூடப்பட்டன. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. கணக்கில்லாமல் அடித்ததால் அவற்றின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. போருக்கு முன் நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள் அந்த நோட்டுகளால் கடனை அடைத்தார்கள். 1945-இல் திரும்பிய பிரிட்டிஷ் ஆட்சி அந்த நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது. அவற்றால் அடைத்த கடன் தீர்ந்ததாகுமா என்ற வழக்குக்கு விடை சொல்ல 1948-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. கடன் கொடுத்தே வாழ்ந்த கிட்டங்கிகளுக்கு இது பேரிழப்பு. பர்மாவில் தங்களுக்கு இருந்த நிலங்களையும் இழந்ததால் முதலாளிகளின் கை மேலும் தளர்ந்தது. 1970-களின் பிற்பாதியில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளும் போயின. எஞ்சிய கடைகள் டேங்க் சாலைப் பக்கம் நகர்ந்தன.

அட்டை வந்த காலம்

போருக்குப்பின் பொறுப்பேற்கும் வேலையை அரசே எடுத்துக்கொண்டது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் அவசரகாலம் தொடங்கிய 1948-இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் பதிவு நடந்து, படம் ஒட்டிய அடையாள அட்டை கைக்கு வந்தது. சிங்கப்பூர் தனிநாடான மறு ஆண்டு, 1966-இல், மறுபதிவு செய்து குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டையும் நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டையும் வழங்கினார்கள். மற்றவர்கள் வேலை அனுமதி பெற வேண்டியிருந்தது. பணத்தை வெளியே அனுப்பவும் கட்டுப்பாடு இருந்தது. 1953-இன் அந்நியச் செலாவணிச் சட்டக் கட்டுப்பாடுகள் 1978 ஜூனில்தான் நீங்கின.

வங்கிகளையும் அரசியல் எல்லைகள் பிரித்தன. இந்தியா 1969-இல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் அடங்கின. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிகள் மலேசியாவில் இயங்கக்கூடாது என்றானதால், அங்கிருந்த அவற்றின் கிளைகள் 1973-இல் யுனைடெட் ஏஷியன் வங்கி என்ற புதிய வங்கிக்குள் போயின. சிங்கப்பூரில் அவை தங்கள் பெயரிலேயே தொடர்ந்தன. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1972-இல் தனி வாரியமானது. 1998-இல் டிபிஎஸ் வங்கி அதை வாங்கியது. பிஓஎஸ்பி என்ற பழைய பெயர் மட்டும் பலகையில் நின்றது.

வேலை அனுமதியும் கைப்பேசியும்

கள்ளப்பணத் தடுப்புக்காக 1989-இல் ஏற்பட்ட பன்னாட்டுக் குழு மறு ஆண்டு 40 பரிந்துரைகளை வெளியிட்டது. வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வங்கி உறுதிசெய்ய வேண்டும் என்பது உலக நடைமுறையானது. சிங்கப்பூரிலும் வெளிநாட்டவர் கடவுச்சீட்டு, வேலை அனுமதி, முகவரிச் சான்று ஆகியவற்றைக் காட்டிக் கணக்கு தொடங்கும் வழக்கம் நிலைபெற்றது. வேலை அனுமதி பெறுபவருக்கு அடையாள எண் ஒன்று உண்டு. 1999 வரை பதிவானவரின் எண் எஃப் என்றும், 2000 முதல் ஜி என்றும், 2022 முதல் எம் என்றும் தொடங்கும். அந்த எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்தாலே அவர் வெளிநாட்டவர் என்பது வங்கிக்குத் தெரிந்துவிடும்.

வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டுண்டது. வேலை போனால் அனுமதி போகும், அனுமதி போனால் கணக்கைத் தொடர்வதும் சிக்கலாகும். அந்த வகையில் முன்பு கம்பிரதோர் இருந்த இடத்தில் இன்று முதலாளி இருக்கிறார். கட்டுமானத் தொழிலாளர் பலர் ரொக்கமாகவே சம்பளம் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசையில் நின்றார்கள். 2020 ஏப்ரலில் கொரோனாவால் தொழிலாளர் விடுதிகள் பூட்டப்பட்டபோது அந்த வழி அடைபட்டது. விடுதியில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தை மின்வழியிலேயே தர வேண்டும் என்று மனிதவள அமைச்சு உத்தரவிட்டது. கணக்கே இல்லாதவர்களுக்கு வங்கிகள் அவசர அவசரமாகக் கணக்கு திறந்தன. கிளைக்கு வர முடியாத தொழிலாளி கைப்பேசியிலிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது.

2023 பிப்ரவரி 21-இல் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய உடனடிப் பணமாற்று முறைகள் இணைக்கப்பட்டன. சிங்கப்பூரில் கணக்கு வைத்திருப்பவர் கைப்பேசியிலிருந்தே ஊரிலுள்ள கணக்குக்கு நொடியில் பணம் போட முடிந்தது. இந்தியாவிலிருந்து அனுப்ப முதலில் வைத்த வரம்பு நாளொன்றுக்கு 60,000 ரூபாய். பணம் அனுப்பவும் பெறவும் தொடக்கத்திலேயே இசைந்த நான்கு இந்திய வங்கிகளில், செட்டியார்களின் முதலீட்டில் பிறந்த இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன.