கார்வேட்டிநகர வட்டாரத்தில் மகளிர் நோயும் மகவு நோயும்: ஒரு வரலாற்று நோக்கு

கார்வேட்டிநகரம் இன்று ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத் தலைமையிடம். பொம்மராச பாளையம் எனப்பட்ட இந்தச் சமீன் ஒருகாலத்தில் திருத்தணியையும் புத்தூரையும் உள்ளடக்கியிருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை இவ்வட்டாரம் வடஆர்க்காட்டைச் சார்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு இணைந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. எல்லை இடம்பெயர்ந்ததேயன்றி நோய் இடம்பெயரவில்லை. ஆதலின் இவ்வட்டாரத்து நோய் வரலாற்றை ஆராய்வோர் வேலூரையும் மதனப்பள்ளியையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து, குழந்தை நோய்க்குக் கிடைத்த கவனம் தாயின் நோய்க்குக் கிடைக்கவில்லை என்பது புலனாகின்றது.

இதனை முதலில் சொற்களே காட்டுகின்றன. தமிழ் மருத்துவத்தில் குழந்தை மருத்துவத்திற்கெனப் பாலவாகடம் என்னும் தனிநூலே உண்டு. மாந்தம், கணம், கரப்பான் என நோய்கள் வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் பல உட்பிரிவுகளைப் பெறுகின்றது. அம்மை நோய்க்கோ தெய்வமே உண்டு. திருப்பதிக் கங்கம்மன் திருவிழாவை இவ்வகையில் கருதலாம். பாண்டு, சோகை என்பன நூல்வழக்கில் இருப்பினும், பெண்ணின் குருதிக்குறைவு பேச்சுவழக்கில் 'அசதி', 'வெளுப்பு' என்ற அளவிலேயே நின்றது. அதற்குத் தெய்வமுமில்லை, திருவிழாவுமில்லை. எலும்பு முறிவுக்குப் 'புத்தூர்க் கட்டு' தமிழ்நாடெங்கும் பெயர்பெற்ற ஒரு வட்டாரத்தில் இந்நிலை என்பது எண்ணத்தக்கது.

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் வடஆர்க்காட்டையும் தாக்கியது. நிவாரணப் பணியில் உழைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தையே அடிப்படையாகக் கொண்டு ரிச்சர்டு டெம்பிள் கூலி வகுத்தார். பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இவ்வளவு உயிர்வாழப் போதாதென வாதிட்டார். பஞ்சத்தை அடுத்து மாகாணத்தில் பிறப்புகள் மிகவும் வீழ்ந்தன. பட்டினியால் கருத்தரிப்பே குன்றியதன் விளைவு இது. ஆயின் இதனைப் பெண்ணுடலின் நோயாக எவரும் எழுதி வைக்கவில்லை. பிறப்புக் கணக்கின் குறைவாகவே அது எஞ்சியது. இறப்புப் பதிவின் நிலையும் ஏறத்தாழ இதுவே. வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், பிற எனப் பகுக்கப்பட்ட பதிவேட்டில் பேற்றின்போது இறந்தாளுக்கெனத் தனிப்பகுப்பு இல்லை. சூதகச் சன்னியால் இறந்தவள் 'காய்ச்சல்' என்னும் பகுப்பினுள் மறைந்திருத்தல் கூடும். பழைய அறிக்கைகளின் காய்ச்சல் எண்ணிக்கையைக் கையாளும் ஆய்வாளர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

இந்த மறைவை உடைத்தது வேலூர். இராணிப்பேட்டையிற் பிறந்த ஐடா ஸ்கடர், ஆண் மருத்துவரை ஏற்க மறுத்த மூன்று குடும்பங்களின் பெண்கள் ஒரே இரவில் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் பயின்றவர். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய அவர் பணி, குடியாத்தம் சாலையோரத்து மரநிழல் மருத்துவமாக விரிந்து, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று. தாய் மருத்துவரிடம் வாராவிடில் மருத்துவர் சாலைக்குச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்திற்குப் புதிது.

காசநோய் வரலாறு வேறு வகையினது. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி 1948இல் மதனப்பள்ளியில்தான் தொடங்கிற்று. பின்னர் 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பேராய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை இவ்வூசி தடுக்கவில்லை என 1979இல் காட்டியது. எனினும் குழந்தைகளை மூளையுறைக் காசம் போன்ற கொடிய வடிவங்களினின்று காப்பதால் அது இன்றும் வழங்கப்படுகின்றது. பெரியம்மையோ 1975க்குப்பின் இந்தியாவில் இல்லை. குழந்தை நோய்களுள் சில இவ்வாறு முடிவுற்றன அல்லது கட்டுக்குள் வந்தன.

சோகை முடியவில்லை. லூசி வில்ஸ் பம்பாயில் ஏழைக் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டுச் சாறு அதனைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அதன் காரணப்பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. 1970இல் இந்திய அரசு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைத் திட்டத்தைத் தொடங்கிற்று. எனினும் 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 58.8 விழுக்காட்டினரும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 63.2 விழுக்காட்டினரும் சோகையுற்றவர்கள். தமிழ்நாட்டில் அவை முறையே 53.4, 57.4. இவை மாநில அளவினவாயினும், மொழி எல்லையின் இருபுறமும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுற்றிருப்பதைக் காட்டுகின்றன.

இங்குப் பழைய நூல்வழக்குக்கே திரும்ப வேண்டியுள்ளது. குழந்தையின் நோய்க்குத் தாய்ப்பாலின் குற்றமும் காரணமாகக் கருதப்பட்டதால் பாலூட்டுவாளுக்குப் பத்தியம் விதிக்கப்பட்டது. மருந்து மகவுக்கு, கட்டுப்பாடு தாய்க்கு. கீரையும் பழமும் விலக்கப்பட்ட அப்பத்தியம், குருதிக்கு வேண்டியதையே விலக்கிற்று. சோகையுள்ள தாயின் மகவு குறைந்த இரும்புச் சேமிப்புடன் பிறத்தலை இன்றைய மருத்துவம் கூறுகின்றது. தாயையும் மகவையும் ஒரே உடலாகக் கண்ட பழைய பார்வை தவறன்று. அவ்வுடலில் எதனைக் குறைப்பது என்பதிலேதான் அது பிழைபட்டது எனலாம்.