மணலாறும் வர்த்தமானியும்

காணி அதிகாரம் பற்றி எழுதும்போதெல்லாம் மத்தி, மாகாணம் என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வது நமது பத்திரிகைகளின் வழக்கம். ஆனால் முல்லைத்தீவின் தென்கோடியில் எந்த வயலை யார் உழுவது என்பதைத் தீர்மானித்தது, 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க மகாவலி அதிகாரசபைச் சட்டம்.

மகாவலி கங்கையினது மட்டுமன்றி, வேறெந்தப் பெரிய ஆற்றினதும் நீரால் அபிவிருத்தி செய்யத்தக்க நிலத்தையும், சனாதிபதியின் அங்கீகாரத்துடன் அமைச்சர் வர்த்தமானி மூலம் விசேட பிரதேசமாகப் பிரகடனம் செய்ய இச்சட்டம் இடமளிக்கிறது. பிரகடனத்தோடு அந்நிலத்தின் திட்டமிடலும் குடியேற்றமும் அதிகாரசபையின் கைக்குச் சென்றுவிடும்.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய கிராமங்களின் தமிழ் மக்கள் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டனர். 1987 நவம்பரில் 13ஆவது திருத்தம் சட்டமாகி, காணி மாகாண நிரலில் இடம்பெற்றது. ஐந்து மாதங்கள்தான் கழிந்தன. 1988 ஏப்ரலில் மணலாறு, வெலிஓயா என்ற பெயருடன் மகாவலி 'எல்' வலயமாக வர்த்தமானியில் வெளிவந்தது. (வெலி என்றால் மணல், ஓயா என்றால் ஆறு. பெயர்மாற்றம் என்பதைவிட மொழிபெயர்ப்பு என்பதே பொருந்தும்.)

13ஆவது திருத்தமே இதற்கு வழிவிட்டிருந்தது. மாகாணங்கள் பலவற்றினூடாகப் பாயும் ஆறுகளின் நீர்ப்பாசனத் திட்டங்கள் மத்திய அரசின் பொறுப்பு என்றது அதன் பிற்சேர்க்கை. அத்திட்டங்களில் காணிப் பங்கீடு தேசிய இன விகிதாசாரப்படி அமைய வேண்டும், மாகாணத்தின் குடிப்பரம்பல் இயன்றவரை பெரிதும் குலையலாகாது என்றும் அதிலேயே உண்டு. மணலாற்றில் இவ்விரண்டும் கைக்கொள்ளப்படவில்லை. குடியமர்த்தப்பட்டோர் ஏறக்குறைய முழுவதும் சிங்களவர். மகாவலி நீரோ முல்லைத்தீவுக்கு வந்து சேரவேயில்லை. திருத்தம் கூறிய தேசிய காணி ஆணைக்குழுவும் அமைக்கப்படவில்லை.

2011இல் நகர, கிராம திட்டமிடல் சட்டத்தைத் திருத்த அரசு முயன்றது. புனிதப் பிரதேசம் என எங்கும் எல்லை வரைய வழி திறந்த சட்டமூலம் அது. மாகாண சபைகளிடம் முதலில் கேட்க வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வடக்கிலோ அப்போது சபையே இல்லை. 2013 செப்டெம்பர் 21இல் தேர்தல் நடந்து சபை வந்தது; 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. ஐந்தாம் நாள், செப்டெம்பர் 26இல், அரச காணி மாகாண சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கு மலையகத் தோட்டமொன்றைப் பற்றியது. அடி விழுந்தது வன்னியிலும்.

போர் முடிந்து கொக்குத்தொடுவாய்க்குத் திரும்பியோருள் பலரிடம் 1984க்கு முந்திய காணி அனுமதிப்பத்திரங்கள் இருந்தன. அவ்வயல்களிலோ மகாவலி அனுமதிப்பத்திரத்துடன் வேறொருவர் விதைத்துக்கொண்டிருந்தார். 2018 ஆகஸ்ட் 28இல் 'எல்' வலயத்துக்கு எதிராக மக்கள் முல்லைத்தீவு நகரில் திரண்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. ஆண்டுகள் பல கடந்தும் அதற்குத் தேர்தல் நடத்தப்படவில்லை.