வெள்ளைக் கோட்டு வெங்கட்

1979, செப்டம்பர். லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பறந்துகொண்டிருக்கிறது ஒரு விமானம். உள்ளே நம்ம கிரிக்கெட் அணி. திடீரென்று மைக்கில் விமானியின் குரல்... ‘இந்திய அணியின் அடுத்த கேப்டனாக சுனில் கவாஸ்கர் நியமிக்கப்பட்டிருக்கிறார்!’

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அதுவரை கேப்டனாக இருந்தவரும் அதே விமானத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பதவி போன செய்தி அவருக்கும் அப்படித்தான் தெரியவந்தது!

அவர்தான் சென்னைக்காரரான ஸ்ரீனிவாசராகவன் வெங்கட்ராகவன். நமக்கு வெங்கட்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்? இங்கிலாந்தில் நான்கு டெஸ்ட். ஒன்றில் தோல்வி, மூன்று டிரா. அந்த மூன்றாவது டிரா இருக்கிறதே, ஓவல் மைதானத்தில்... அதை இன்றைக்கும் பெரியவர்கள் பெருமூச்சோடுதான் பேசுவார்கள். ஜெயிக்க 438 ரன் வேண்டும். கவாஸ்கர் 221 அடித்துத் தள்ளினார். கடைசி நேரப் பரபரப்பில் விக்கெட்டுகள் மளமளவென்று சரிய, கேப்டன் வெங்கட் 6 ரன்னில் ரன் அவுட். ஆட்டம் முடிந்தபோது 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பதே ஒன்பது ரன் பாக்கி! அது வந்திருந்தால் விமானி வேறு செய்தி வாசித்திருப்பாரோ என்னவோ.

அதே வருஷம் உலகக் கோப்பையில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது, அதுவும் அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடமும் தோற்றது, அவர் கணக்கில் ஏறியிருந்தது வாஸ்தவம். ஆனாலும் ஒரு மனிதரிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

வெங்கட்டுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1974 டிசம்பரில், பட்டோடிக்குக் காயம் என்பதால் டெல்லி டெஸ்ட்டில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகக் கேப்டனாக இறங்கினார். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பி வந்துவிட்டார். வெங்கட்? பன்னிரண்டாவது ஆள்! போன மேட்சில் டாஸ் போட்டவர், இந்த மேட்சில் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டும்.

திறமை இல்லாமலா? கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1965-ல் நியூஸிலாந்துக்கு எதிராக, சொந்த ஊரான மெட்ராஸிலேயே முதல் டெஸ்ட் ஆடும்போது வயது பத்தொன்பது. அதே தொடரில் டெல்லியில் ஒரே இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட்! சிக்கல் எங்கே என்றால், அவர் ஆஃப் ஸ்பின்னர். பிரசன்னாவும் ஆஃப் ஸ்பின்னர். பேடி, சந்திரசேகர் என்று இன்னும் இரண்டு ஜாம்பவான்கள் வேறு. ‘சுழல் நால்வர்’ என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, நாலு பேரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்ட்தான் தெரியுமோ? 1967, பர்மிங்ஹாம். மற்றபடி பிரசன்னாவா, வெங்கட்டா என்பதுதான் ஒவ்வொரு முறையும் கேள்வி.

1971-ல் பதில் வெங்கட். வெஸ்ட் இண்டீஸில் 22 விக்கெட். அடுத்து இங்கிலாந்து. ஓவலில் சந்திரசேகர் 6 விக்கெட் வீழ்த்தியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆலன் நாட்டின் பேட்டுக்குக் கீழேயே பாய்ந்து சோல்கர் பிடித்த கேட்ச் புகைப்படம்கூடப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பந்தைப் போட்டது யார்? நம்ம வெங்கட்தான். படத்தில் கேட்ச் பிடித்தவர்தானே தெரிவார்!

1983-ல் ஜலந்தரில் கடைசி டெஸ்ட். மொத்தம் 57 டெஸ்ட், 156 விக்கெட். வேறொருவராக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

1993 ஜனவரி. அதே கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, 47 வயதில், டெஸ்ட் அம்பயராக உள்ளே வருகிறார் வெங்கட். அன்றைக்கு இந்தியாவுக்கு கும்ப்ளே, ராஜு, ராஜேஷ் சௌஹான் என்று மூன்று சுழற்பந்து வீச்சாளர்கள். சௌஹானுக்கு அதுதான் முதல் டெஸ்ட். அவரும் ஆஃப் ஸ்பின்னர்!

ஆடிய காலத்தில் வெங்கட் கோபக்காரர் என்று பெயர். அவுட் கேட்டுக் கத்துவதிலும் சளைத்தவர் இல்லை. அப்படிப்பட்டவர் அம்பயரானதும் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. யார் எப்படிக் கத்தினாலும் சரி, அவுட் என்றால் விரல் நேராக மேலே. இல்லையென்றால் இல்லை.

அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பௌலரின் கால் கோட்டைத் தாண்டியதா? பந்து எங்கே குத்தியது? முதலில் பட்டது பேட்டிலா, கால்காப்பிலா? ஸ்டம்புக்குப் போயிருக்குமா? எல்லாவற்றுக்கும் சில விநாடிகளில் பதில் சொல்லியாக வேண்டும். 1992 கடைசியிலிருந்து ரன் அவுட்டுக்கு மூன்றாவது அம்பயர் கைகொடுத்தார். எல்.பி.டபிள்யூவுக்கு அதுவும் கிடையாது. நீங்களும் நானும் சோபாவில் சாய்ந்தபடி ஸ்லோ மோஷனில் பத்து தடவை பார்த்துவிட்டு ‘என்னய்யா அம்பயர் இவர்’ என்போம். அவருக்கு ஒரே தடவை, அதுவும் முழு வேகத்தில்! டி.ஆர்.எஸ். எனும் மறுபரிசீலனை முறை சோதனைக்கு வந்ததே 2008-ல்தான்.

1999 உலகக் கோப்பை அரையிறுதி மறந்திருக்காது. எட்ஜ்பாஸ்டனில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆளுக்கு 213. க்ளூஸ்னர் ஓட, டொனால்ட் நிற்க, டை! அந்த ரணகளத்தில் டேவிட் ஷெப்பர்டோடு நடுவில் நின்ற இன்னொரு அம்பயர் வெங்கட். 1975, 1979 என இரண்டு உலகக் கோப்பைகளில் கேப்டனாக இருந்தும் அரையிறுதியைத் தொடாதவர், கடைசியில் இப்படி வந்து சேர்ந்தார்.

2002-ல் ஐ.சி.சி. உலகம் முழுக்கச் சலித்து எட்டே பேரைத் தலைசிறந்த அம்பயர்களாகத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒரே இந்தியர் வெங்கட். பிரசன்னாவா, வெங்கட்டா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. 2003-ல் பத்மஸ்ரீ. 2004-ல் ஓய்வு.

அம்பயராக நின்றது 73 டெஸ்ட். ஆடியதைவிட 16 அதிகம்! இரண்டிலும் ஐம்பதைத் தாண்டியவர் வேறு யாரும் இல்லை. அவர் விலகிய பிறகு அந்த உயர் குழுவில் இன்னொரு இந்தியர், எஸ்.ரவி, இடம்பிடித்தது 2015-ல். நடுவில் பதினோரு வருஷம்!